வாளியின் அடியில் சல்லி போட்டும் வேர் அழுகுவது ஏன்?

கேள்வி கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகருடையது: முற்றத்தில் பெயின்ற் வாளிகளில் மிளகாய் வைத்திருக்கிறார். துளையிட்டு, அடியில் சல்லியும் போட்டிருக்கிறார். ஆனாலும் மாரி தொடங்கியதும் இலை மஞ்சளாகி வேர் அழுகுகிறது.

எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சல்லி மேல்தான். அது தண்ணீரை வடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே பெரிய இடைவெளிகள் இருந்தால், தான் நன்றாக ஊறி நிறையும்வரை கீழே விடாது. ஆக, வாளியின் அடியில் நிற்கவேண்டிய ஈரம் சல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிறது. நம்பாவிட்டால், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் நிமிர்த்தினால் இன்னும் வடியும். உயரம் கூடினால் வடிவதும் கூடும்; சல்லி போட்டால் மண்ணின் உயரம்தான் குறைகிறது. உயரமான வாளி நல்லது என்பதும் இதனால்தான்.

சல்லியை எடுத்துவிடுங்கள். வயல் களிமண்ணைத் தனியே நிரப்ப வேண்டாம். மேல்மண், மக்கிய மாட்டெரு, உமிக்கரி மூன்றையும் ஏறத்தாழச் சமமாகக் கலக்கலாம். நெல் விளைகிற வன்னியில் உமிக்கா பஞ்சம்?

அப்புறம் துளை. சீமெந்துத் தரையில் வைத்த வாளியின் அடித்துளை தரையோடு ஒட்டி அடைபட்டுவிடும். கம்பியைச் சுடவைத்து, அடியை ஒட்டிய பக்கச்சுவரிலும் நாலைந்து துளை போட்டு, வாளியைச் செங்கல் துண்டுகளில் தூக்கி வையுங்கள். மண் ஒழுகாமலிருக்கத் துளைமேல் ஒரு துண்டு நுளம்புவலை போதும். கீழே தட்டு வைத்திருந்தால் மாரி முடியும்வரை எடுத்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.