மனசாட்சிப்படி தனியாக நிற்பது சுயநலமா? கூட வேலை செய்பவர்களைச் சிக்கலில் விடுவது சரியா?

யாரைச் சிக்கலில் விடுகிறோம் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எதிர் மேஜைக்காரர் முகம் சுளித்தால் உடனே தெரிகிறது. நம் வேலை கடைசியாகப் போய்ச் சேரும் ஆளோ எங்கோ இருக்கிறார். "எல்லோரையும் அனுசரித்துப் போப்பா" என்று சொல்பவர்கள் அந்த எல்லோரில் இவரைச் சேர்ப்பதே இல்லை.

நான் மருந்துத் தயாரிப்பில், தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருப்பவன். அதனால் இப்படிக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிரான்சிஸ் கெல்சி. 1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில், புது மருந்துகளுக்கு அனுமதி தரலாமா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தார். அடுத்த மாதமே அவரிடம் வந்த விண்ணப்பம் தாலிடோமைட். ஐரோப்பாவில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த தூக்க மருந்து. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் தானாகவே அனுமதி கிடைத்துவிடும்.

கெல்சி கொடி பிடிக்கவில்லை. "இந்தத் தரவு போதாது" என்று கடிதம் எழுதினார், அவ்வளவுதான். கம்பெனி இன்னும் கொஞ்சம் தாள்களை அனுப்பும், 60 நாள் கணக்கு முதலிலிருந்து ஓடும், இவர் மறுபடி எழுதுவார். இந்த மருந்தை நாள்பட்டுச் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு டாக்டர் எழுதிய கடிதம் 1961 தொடக்கத்தில் அவர் கண்ணில் பட்டது. நரம்பைப் பாதிக்கிற மருந்து வயிற்றில் இருக்கும் கருவை என்ன செய்யும் என்று கேட்டார். கம்பெனியிடம் பதில் இல்லை. போன் மேல் போன், நேரில் படையெடுப்பு, மேலதிகாரிகளிடம் புகார் என்று நெருக்கினார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: அவரோடு வேதியியலாளர் ஒருவரும் மருந்தியலாளர் ஒருவரும் சேர்ந்துதான் அந்தத் தாள்களைப் படித்தார்கள், மேலதிகாரிகளும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒற்றை ஆளாக உலகத்தை எதிர்த்தார் என்று கதை கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

1961 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மருந்தால் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். அமெரிக்காவில் பதிவானது 17. அனுமதி வராதபோதே, சோதனை என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்குக் கம்பெனி மாத்திரை கொடுத்திருந்தது. அந்த டாக்டர்களும் கெட்டவர்கள் இல்லை, கம்பெனி சொன்னதை நம்பினார்கள்.

கெல்சிக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் எலிக்ஸிர் என்ற மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கரைப்பானாகச் சேர்த்த டைஎத்திலீன் கிளைகால்தான் விஷம். அதைக் கண்டறிந்த சிகாகோ ஆய்வகத்தில் எலிகளை வைத்துச் சோதித்தவர்களில் மாணவியான கெல்சியும் ஒருவர்.

அதே டைஎத்திலீன் கிளைகால்தான் 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்றது. அந்த இருமல் மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் இந்த விஷம் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் ப்ரொபிலீன் கிளைகால் டிரம் வரும்போதெல்லாம் எங்கள் ஆய்வகத்தில் இதற்காகத்தான் ஒவ்வொரு டிரம்மிலும் சாம்பிள் எடுக்கிறோம். இதுவும் அந்த விஷமான டைஎத்திலீன் கிளைகாலும் பார்க்க ஒரே மாதிரிதான்: நிறம் கிடையாது, லேசான கொழகொழப்பு. மெஷினில் போட்டுப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். அதற்குள் புரொடக்‌ஷனில் டேங்க்கைக் கழுவி வைத்துக் காத்திருப்பார்கள். பர்ச்சேஸ்காரர் வந்து, "சப்ளையர் சர்ட்டிபிகேட் இருக்கே சார், எல்லா டிரம்மும் ஒரே லாட்தானே, நீங்க ஒருத்தர்தான் இப்படி இழுக்கிறீங்க" என்பார். அவருக்கு மேலேயிருந்து போன் வந்துகொண்டிருக்கும், பாவம். ஆனால் டிரம்முக்குள் இருப்பது இன்னதுதான் என்று கையெழுத்துப் போடுவது நான். ஒரு டிரம்மைப் பார்த்துவிட்டு ஏழு டிரம்முக்கு எழுதினால் மீதி ஆறும் பொய்தானே.

சரி, இது வெறும் வீம்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "என்ன கொடுத்தால் சம்மதிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வீம்புக்காரரிடம் பதில் இருக்காது. கெல்சியின் கடிதங்களில் இருந்தது: இந்தச் சோதனை, இந்த விவரம், இந்தக் கேள்விக்கு விடை. அதெல்லாம் ஒழுங்காக வந்திருந்தால் அவரே அனுமதி தந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கூட வேலை செய்பவர்களுக்கும் நம் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமையே மனதுக்குள் "முடியாது" என்று முடிவு செய்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்வதுதான் அவர்களைச் சிக்கலில் விடுவது. நான் டிரம் இறங்கிய அன்றே ரிப்போர்ட் எப்போது வரும் என்று சொல்லிவிடுகிறேன். பர்ச்சேஸ்காரருக்குப் பாதிக் கோபம் அதிலேயே போய்விடும். மீதி இருந்துவிட்டுப் போகட்டும்.