முதல் ஏர் பிஸ்டல்: ஸ்டெயரா, மொரினியா?

கேள்வி: பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, கிளப் பிஸ்டல்ல 10 மீட்டர் நல்லா சுடுறா. சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னா ஆளாளுக்கு ஸ்டெயர், மொரினி, வால்தர்னு குழப்புறாங்க. எது சார் நல்லது?
- ஒரு அப்பா, திருப்பூர்

பதில்: குழப்பிக்காதீங்க சார், ஆஸ்திரியா ஸ்டெயர், சுவிஸ் மொரினி, ஜெர்மன் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலி பார்டினி எல்லாமே ஒலிம்பிக் லெவல்தான், உங்க பொண்ணு சுடுற லெவலுக்கு எந்த பேரலும் குறை வைக்காது. பார்க்க வேண்டியது கிரிப், அதாவது கைப்பிடி. கைக்கு ஸ்மால் சைஸா மீடியமான்னு பிடிக்க வெச்சுப் பாருங்க, கண்ணை மூடி கையை நீட்டி அப்புறம் திறந்தா குறி பார்க்கற முன் சைட்டும் பின் சைட்டும் தானா நேர்ல நிக்கணும், மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்கணும்னா அந்த கிரிப் வேணாம்.

அடுத்து ட்ரிகர். ரூல்படி அதை இழுக்கற எடை குறைஞ்சது 500 கிராம் இருக்கணும், மேட்ச்சுக்கு முன்னாடி அரை கிலோ எடையை ட்ரிகர்ல மாட்டி பிஸ்டலைத் தூக்கிப் பார்ப்பாங்க. மொரினியோட எலக்ட்ரானிக் ட்ரிகர் இழுத்தா இழுபறி இல்லாம கிளீனா விடுபடும், ஆனா பேட்டரி, சர்க்யூட்னு கவனிக்கணும், அதனால முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கலே போதும்ங்கறது என் கட்சி.

செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம், ஆனா காத்து சிலிண்டர்ல பொறிச்சிருக்கற தேதியை முதல்ல படிங்க, காலாவதியானதை மேட்ச்ல விடமாட்டாங்க, புது சிலிண்டர் விலை சும்மா இல்ல. அப்புறம் உங்க கிளப்ல எந்த பிராண்டுக்கு சிலிண்டர்ல காத்து நிரப்பற அடாப்டரும், காத்து கசியாம தடுக்கற சீலை மாத்தத் தெரிஞ்ச ஆளும் இருக்குன்னு கேளுங்க, ரெண்டு பிஸ்டலுக்கு நடுவுல மனசு ஊசலாடுச்சுன்னா அந்த பிராண்டையே எடுத்துடுங்க.