சிபிடி என்ற மனநலச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, பேசிப் பேசியே செய்யும் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இதற்கு அடித்தளம் போட்டார். நடந்ததைவிட, அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம்தான் பல நேரம் நம்மை வாட்டுகிறது என்பது அடிப்படை.

உதாரணத்துக்கு, மேலாளர் நம் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போகிறார். 'என்மேல் கோபம், வேலை போச்சு' என்று மனம் முடிவு கட்டுகிறது. படபடப்பு. அவர் கண்ணில் படாமல் ஒதுங்குகிறோம். ஒதுங்குவதால், நினைத்தது தப்பு என்று தெரியவும் வழியில்லை. சிகிச்சையாளர் அந்த நினைப்பை எழுதிப் பார்க்கச் சொல்வார்: என்ன ஆதாரம்? வேறு காரணம் இருக்குமா? அப்புறம், நேரில் பேசிப் பார்க்கச் சொல்வார். இந்த வீட்டுப்பாடம்தான் உயிர். நீச்சல் மாதிரி, கரையில் உட்கார்ந்து கேட்டால் வராது.

பலர் நினைப்பதுபோல் இது 'நல்லதையே நினை' என்ற உபதேசம் இல்லை. மேலாளருக்கு நிஜமாகவே கோபம் என்றால், அதைச் சமாளிப்பது எப்படி என்றுதான் அடுத்து பேசுவார்கள்.