சிவில் படிக்கும் பெண்ணுக்கு நம் கடலோரத்தில் என்ன வேலை?

அம்மா, மகள் சிவில் இன்ஜினியரிங் கேட்கிறாள், ‘வெயிலில் நின்று செங்கல் எண்ணவா?’ என்று நீங்கள் தயங்குகிறீர்கள். அவள் கேட்பது வேறு வேலை. நிற்கிற கட்டடம் இன்னும் தாங்குமா, எதைப் பழுது பார்க்கலாம், எதை இடித்தே ஆக வேண்டும் என்று சோதித்துச் சொல்வது. மண்டபம், பாம்பன் பக்கம் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. உப்புக்காற்றில் சீலிங் பெயர்ந்து கம்பி தெரியும் வீட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சோதனை, கண்ணிலும் காதிலும்தான் தொடங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் ‘டொப்’பென்று கேட்கும். விரிசல் கம்பியின் போக்கிலேயே நேராக ஓடினால் பெரும்பாலும் துரு. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேல் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது. பிறகுதான் கருவிகள். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்க, செம்பு–செம்பு சல்பேட் மின்முனையைக் கான்கிரீட் மேல் வைத்துப் பார்க்கும்போது அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இறங்கினால், அங்கே துரு ஏறிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. சந்தேகம் தீராவிட்டால் குறைந்தது 3 இடங்களில் கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு, எடுத்து அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி கோர்களின் சராசரி வலிமை, அந்த வயதில் அந்த கிரேடு (தர வகை) கான்கிரீட்டின் கனசதுரக் கட்டி தர வேண்டிய வலிமையில் 85 சதவீதமாவது வேண்டும். எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

கருவியை இயக்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எங்கே ஏமாற்றும் என்று தெரிவதுதான் படிப்பு. புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்து, பளிச்சென்று ரோஸ் நிறம் வந்தால் ‘காரத்தன்மை இருக்கிறது, கம்பி பத்திரம்’ என்பார்கள். கடலோரத்தில் அதை நம்பவே கூடாது. காரம் குறையாத கான்கிரீட்டிலும் உப்பின் குளோரைடு கம்பியை அரிக்கும். குளோரைடைத் தனியாக அளந்தே ஆக வேண்டும். மேற்பரப்பில் மோதித் திரும்பும் வேகத்தை வைத்து வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமரும் அப்படித்தான்: பழைய கான்கிரீட்டின் மேல்தோல், காற்றிலுள்ள கரியமில வாயு சேரும் கார்பனேற்றத்தால் இறுகியிருந்தால், உள்ளே இல்லாத வலிமையைக் காட்டும். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசிவிட்டுப் போனால், ஒட்டுப்போட்ட ஓரத்திலேயே மறுபடி துரு கிளம்பும். சுற்றியுள்ள உப்பு அங்கேயேதானே இருக்கிறது.

பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் இருந்தால் கலந்தாய்வு வழியாக பி.இ. சிவில், ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது. வேதியியலை ஒதுக்க விடாதீர்கள், துரு என்பதே மின்வேதியியல். அதை ஆராயும் மத்திய நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் இரண்டு வருடமாவது சைட்டில் கம்பி கட்டுவதையும் கான்கிரீட் போடுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், பிறகு கட்டட அமைப்பின் வலிமையைப் படிக்கும் எம்.இ. ஸ்ட்ரக்சுரல். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், சாரத்தில் ஏறவும் வேண்டும். பாதுகாப்பு பெல்ட் தராத இடத்தில் ஏற மாட்டேன் என்று சொல்ல அவளைப் பழக்குங்கள். அனுபவம் வரும் முன் ‘பாதுகாப்பானது’ என்று எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதை நம்பித்தான் ஆட்கள் உள்ளே படுத்துத் தூங்குவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு விரிசல்களை அவளே ஒரு நோட்டில் வரையட்டும்: எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு அகலம், பக்கத்தில் ஈரக்கசிவு உண்டா என்று. இரண்டு மணி நேரம் சலிக்காமல் செய்தாளானால், அந்த நோட்டோடு கூட்டி வாருங்கள். கல்லூரிகளின் பட்டியலைப் பிரித்து உட்காரலாம்.