டூ ஸ்ட்ரோக்ல மட்டும் ஏன் பெட்ரோலோட ஆயில்?

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்லயே ஆயில் கலக்குறாங்க, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஏன் வேணாம்? ரெண்டுல எது பெஸ்ட் சார்?

பதில்: ஃபோர் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் கீழ ரெண்டு, மேல ரெண்டுன்னு மொத்தம் நாலு ஓட்டம் ஓடணும், உறிஞ்சுறது, அமுக்குறது, வெடிக்கிறது, புகையைத் தள்றதுன்னு, அதாவது கிராங்க் (பிஸ்டனோட அசைவைச் சுத்தலா மாத்துற தண்டு) ரெண்டு சுத்து சுத்துனாதான் ஒரு பவர். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் பவர். அதான் அந்த பிக்கப்! ஆனா டபுள் பவர்னு நினைச்சுடாதீங்க, நிஜத்துல அவ்ளோ வராது.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக் வண்டில ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி வால்வு கிடையாது, சிலிண்டர் சுவத்துல ஓட்டைங்கதான், பிஸ்டனே அதை மூடித் திறக்குது. பெட்ரோல் காத்து கலவை முதல்ல கீழ கிராங்க்கேஸுக்குள்ள, அதாவது கிராங்க் சுத்துற பெட்டிக்குள்ள போய், பிஸ்டன் இறங்கும்போது அமுங்கி அப்புறம்தான் மேல ஏறுது, அப்போ அங்க ஆயிலைத் தேக்கி வைக்க முடியாதில்ல, அதனால கலவையோடவே ஆயிலும் போய் பேரிங்கை நனைச்சுட்டு கடைசில எரிஞ்சு நீலப்புகையா வெளிய வருது. ஃபோர் ஸ்ட்ரோக்ல ஆயில் கீழ தனியா இருக்கு, பம்ப் சுத்த விடுது.

இன்னொரு கொடுமை, டூ ஸ்ட்ரோக்ல புதுக் கலவை உள்ள வர்ற நேரத்துல எக்ஸாஸ்ட் ஓட்டையும் திறந்தே இருக்கும், எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே ஓடிடும். மைலேஜ் அங்கதான் போச்சு.

ரோட்டுல ஓட்ட ஃபோர் ஸ்ட்ரோக்தான் என் ஓட்டு. மரம் அறுக்குற செயின்ஸாவுக்கு டூ ஸ்ட்ரோக், எப்படி சாய்ச்சாலும் ஓடும், வெயிட்டும் கம்மி. பெரிய கப்பல் டீசல் இன்ஜினும் டூ ஸ்ட்ரோக்தாங்க, அதுல வெறும் காத்துதான் உள்ள போகுது, டீசலை அப்புறமா பீய்ச்சுறதால வீணாகுற பேச்சே இல்ல.