32 பக்கம் வரைந்து எடுத்து வரச் சொல்லுங்கள்

அம்மா, வணக்கம். உங்கள் குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். மகள் பள்ளிப் பொதுத்தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள், ரிசல்ட் மோசமில்லை, அப்பா அக்கவுண்டிங் படி என்கிறார், அவளோ சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். நடுவில் நீங்கள். "வரைஞ்சு என்ன சம்பாதிக்கப் போறா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார்" என்று முடித்திருந்தீர்கள். அவளுக்கு எடுத்துச் சொல்வது இருக்கட்டும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்கிற அப்பாவுக்கும் அது தெரியவில்லை, வேண்டும் என்கிற மகளுக்கும் பாதிதான் தெரியும் என்று எனக்குப் படுகிறது.

என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வருகிற பிள்ளைகளில் வருஷத்துக்கு நாலைந்து பேராவது ஓவியராக வேண்டும் என்பார்கள். கைப்பேசியில் படங்களைக் காட்டுவார்கள். பெரிய கண்ணுள்ள பெண், மழை, நிலா. நன்றாகவே இருக்கும். "இதே பெண் குனிந்து செருப்பு மாட்டுகிற மாதிரி வரைந்து காட்டு. அப்புறம் பின்னாலிருந்து. அப்புறம் தம்பியோடு சண்டை போட்டுவிட்டு மூக்கு வடிய அழுகிற மாதிரி" என்பேன். பாதிப் பேர் அங்கேயே பென்சிலைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு படம் அழகாக வருவது வேறு, ஒரே பெண்ணை முப்பது கோணத்தில் அதே பெண்ணாகவே வரைவது வேறு. சம்பளம் இரண்டாவதற்குத்தான்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிற ஓர் அம்மாவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர். போன வாரம் உங்கள் விஷயமாகவே அவரைப் பார்க்கப் போனேன். பையனைப் பள்ளிக்கு அனுப்பி, பசியாறிவிட்டு, எட்டரைக்கு மேசையில் உட்கார்ந்தால் பையன் திரும்பி வரும்வரை எழுந்திருப்பதில்லை. சுவரில் ஒரு பெரிய தாள், அதில் தீப்பெட்டி அளவில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கம். கதை, பாட்டியும் பேத்தியும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவது.

நான் போன நேரத்தில் அவர் ஒரு தண்ணீர் போத்தலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் பக்கத்தில் பேத்தியின் இடது தோளில் தொங்கிய போத்தல் பதினாலாம் பக்கத்தில் வலது தோளுக்கு மாறிவிட்டது. இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "பெரியவங்க பார்க்கமாட்டாங்க சார், பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு முழுப் பக்கத்தையும் அழித்து வரைந்தார். அன்று மதியமே எடிட்டரிடமிருந்து ஒரு செய்தி: பாட்டி கோபமாக இருப்பதுபோல் தெரிகிறது, கொஞ்சம் கனிவு வேண்டும். புருவத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். பாட்டி பதினோரு படத்தில் வருகிறாள் என்றார் அவர். ரத ஊர்வலத்தன்று சாலையில் தேங்காய் உடைக்கிற படம் ஒன்றுக்காக மட்டும் போன தைப்பூசத்தில் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றாராம். கடவுளைக் கும்பிடுகிற எண்ணமெல்லாம் பின்னுக்குப் போய், தேங்காயை ஓங்குகிறவர் முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார்.

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சகத்தில் ஒரு பெரிய தாளை இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். இரண்டு பாரம் சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினாலு விரிப்பு, அதாவது எதிரெதிர் இரட்டைப் பக்கம். முதலில் குட்டிக் கட்டங்கள், அப்புறம் பாத்திரத்தின் முன், பின், பக்கவாட்டுத் தோற்றங்கள், அப்புறம் பென்சிலில் முழு அளவு, அதற்குத் திருத்தம், மறுபடி திருத்தம், கடைசியில்தான் வண்ணம். வண்ணம் தீட்டுகிற நாள்களைத்தான் உங்கள் மகள் இன்ஸ்டாகிராமில் பார்க்கிறாள். மற்ற மாதங்களை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

அச்சுக்கென்று சில கட்டுப்பாடுகளும் உண்டு. இரண்டு பக்கமும் சேருகிற மடிப்பில் முகம் வரக்கூடாது, மூக்கு பைண்டிங்குக்குள் போய்விடும். ஓரத்தில் வெட்டுவதற்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். திரையில் பளபளக்கிற இலைப்பச்சை நாலு வண்ண அச்சில் மங்கி வரும். அதை முதல் புத்தகத்தில் பார்த்து அழாத ஓவியர் குறைவு. நீர்வண்ணத்தில் வரைகிறவர்களுக்குப் பினாங்கு ஈரக்காற்று தனித் தலைவலி. தாள் அலை அலையாக நெளியும், இரண்டு மாதம் அலமாரியில் வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும். ஜெலுத்தோங் அம்மா ஒவ்வொரு படத்தையும் ஹேர் டிரையரில் காயவைத்து, காலணிப் பெட்டியில் வருகிற, ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சிறு பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு மூடி வைக்கிறார்.

தமிழ் தெரிந்த ஓவியருக்கு இதில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. இதை அவள் அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒரே கதையை மலாயிலும் தமிழிலும் போட்டால் தமிழ் வரிகள் நீளும், கூடுதல் இடம் கேட்கும். அதை முன்கூட்டியே உணர்ந்து வானத்தையோ சுவரையோ வெறுமையாக விட்டு வைக்கிறவருக்கு அடுத்த வேலையும் வரும். வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, "கொடி" என்பது படிக்கவே முடியாதபடி சிதறிவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் அதைக் கவனிக்காமலே அச்சுக்கு அனுப்பிவிடுவார். இன்னொன்று, நம் பிள்ளைகள் கையில் இருக்கிற தமிழ்ப் புத்தகங்களில் பல, பனைமரமும் மாட்டுவண்டியுமாக இருக்கின்றன. நம் பிள்ளைகள் தினமும் பார்ப்பது செம்பனை, அடுக்குமாடி, கருநீலப் பினஃபோர், வேன் ஓட்டுகிற அங்கிள். இதை உள்ளிருந்து வரைய ஆள் வேண்டும். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, பணம். ஒரு கணக்குக்காக, ஒரு படப் புத்தகத்துக்கு 4,000 ரிங்கிட் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்தத்தோடு சேர்த்து நாலு மாத வேலை. மாதத்துக்கு 1,000 ரிங்கிட். 2025லிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700. ஆக, படப் புத்தகத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. இதை மறைத்து அவளை உற்சாகப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. நான் அறிந்த ஓவியர்கள் எல்லாருக்கும் இரண்டு மூன்று வழியாக வருமானம் வருகிறது. பயிற்சி நூல்களுக்குக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம், படத்துக்கு இவ்வளவு என்று. பள்ளிகளில் சுவர் ஓவியம். சனிக்கிழமை வரைகலை வகுப்பு. பினாங்கில் ஹின் பஸ் டிப்போ என்கிற கலைக்கூடத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அஞ்சலட்டை, ஸ்டிக்கர். சிலர் அனிமேஷன் ஸ்டுடியோவிலோ விளம்பர நிறுவனத்திலோ மாதச் சம்பளத்துக்கு இருந்துகொண்டு இரவில் புத்தகம் வரைகிறார்கள். கேலிச்சித்திரம் வரைகிற லாட்டை உங்கள் வீட்டுக்காரருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவரே முதலில் பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபராகத்தான் சேர்ந்தார். 1974இல்தான் முழுநேரக் கேலிச்சித்திரக்காரராக ஆனார்.

பணத்தைவிட நான் அதிகம் பயப்படுவது காகிதத்தில் போடுகிற கையெழுத்தை. என்னிடம் ஆலோசனைக்கு வந்து, பின்னர் ஓவியம் படித்த ஒரு பையன் ஒரு பயிற்சி நூலுக்கு அணில் ஒன்று வரைந்து கொடுத்தான். படத்துக்கு இருபது ரிங்கிட்டோ என்னவோ. ரசீதுகூட இல்லை. அடுத்த வருஷம் அந்த அணில் பள்ளிப்பையில் வந்தது, பென்சில் பெட்டியில் வந்தது. கேட்கப் போனால் சட்டம் அவன் பக்கம் இல்லை. நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, கேட்டு வரைய வைத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போய்விட்டதாகக் கருதப்படும். ஆகவே முதல் வேலையிலிருந்தே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கப் பழக வேண்டும். இந்தப் புத்தகத்துக்கு மட்டும், இந்த மொழிக்கு மட்டும், எத்தனை முறை திருத்தம் இலவசம், பாதிப் பணம் எப்போது, புத்தகம் நின்றுபோனால் என்ன, அட்டையில் பெயர் வருமா. ராயல்டி என்றால் எழுத்தாளரும் ஓவியரும் அதை எப்படிப் பங்கிடுவது. கேட்டால் அடுத்த வேலை தரமாட்டார்கள் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிற இடத்தில் வேலை செய்யாமல் இருப்பதே லாபம்.

மற்றபடி சில்லறை விவரங்கள். தொழில்களைப் பதிவு செய்கிற எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் பதிய வருஷத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரென்றால் 60. வருமான வரிக்கு ஃபாரம் பி, ஜூன் 30க்குள். முதலாளி இல்லாததால் ஓய்வுக்காலச் சேமிப்பான இ.பி.எஃப். யாரும் கட்டமாட்டார்கள், சுயதொழில் செய்கிறவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் தானே போட வேண்டும். அப்பா கணக்குப் பக்கம் சாய்ந்தவர்தானே, இதையெல்லாம் அவர் பொறுப்பில் விடுங்கள். மகளும் அவரும் பேசிக்கொள்ள ஒரு விஷயமாவது கிடைக்கும்.

ஏ.ஐ. படம் போட்டுத் தள்ளுகிறதே என்று நீங்கள் கேட்டது நியாயம். மலிவான பயிற்சி நூல்களில் ஒரு ஆப்பிள், ஒரு பந்து என்று வருகிற சின்ன வேலைகளை அது தின்று வருகிறது, மறுக்கமாட்டேன். புதிதாக வருகிறவர்கள் கைப்பழகியது அந்த வேலைகளில்தான், அதனால் எனக்கும் கவலை உண்டு. ஆனால் கோலம் போடுகிற பாட்டியின் விரல் எங்கே மாவை விடுகிறது என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். ஜெலுத்தோங் அம்மா கேட்டுப் பார்த்தார். ஆறு விரல், பொட்டு கன்னத்தில். நாளைக்கு அது சரியாகிவிடலாம். அப்போதும் எடிட்டர் கூப்பிட்டுக் கதையைப் பற்றிப் பேச ஓர் ஆள் தேவைப்படும் என்பது என் கணிப்பு. கணிப்புத்தான்.

படிப்புக்கு வருவோம். டிப்ளோமாவுக்குப் பொதுவாக எஸ்.பி.எம்.மில் 3 பாடத்தில் கிரெடிட் போதும், கூடவே போர்ட்ஃபோலியோ, அதாவது வரைந்த படங்களின் தொகுப்பு, கேட்பார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் 1967இல் தொடங்கிய மலேசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட், சன்வேயில் தி ஒன் அகாடமி. நம் பினாங்கிலேயே ஈக்குவேட்டர். படிவம் ஆறு போகப் பொறுமை இருந்தால் எஸ்.டி.பி.எம். முடித்து யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளிக்கு முயலலாம், செலவு வெகுவாகக் குறையும். தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள். படிப்புகளின் தரம் பார்க்கிற எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் உள்ள படிப்பா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். என்கிற அரசு கல்விக் கடன் கிடைக்காது. முதல் நாளே விலையுயர்ந்த ஐபேட் வாங்கித் தர வேண்டாம். ஒரு வருஷம் பென்சிலும் தாளும் போதும்.

இந்தச் சின்னச் சந்தைக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டியதில்லை. சென்னையில் தூலிகாவும் தாராவும் படத்துக்காகவே பேசப்படுகிற பதிப்பகங்கள். சிங்கப்பூரில் சிறுவர் இலக்கியத்துக்கென்றே ஓர் ஆசிய விழா 2010லிருந்து நடக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். இத்தாலியின் பொலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சி ஓவியர்களுக்கென்று நடத்துகிற தேர்வுக்கு ஐந்து படம் அனுப்பினால் போதும். தேர்வாவது கடினம். ஆனால் ஒன்றோடொன்று சேருகிற ஐந்து படத்தைத் தேர்ந்தெடுக்க உட்காருவதே அவளுக்கு ஒரு பாடம்.

இப்போது உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அக்கவுண்டிங்கா ஓவியமா என்று வீட்டில் இனி ஒரு மாதம் பேச வேண்டாம். அவளிடம் எட்டு வெற்றுத் தாள் கொடுங்கள், நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கம். உங்கள் அம்மா தோட்டத்து லயத்தில் பால்மரம் வெட்டிய காலத்துக் கதை ஏதாவது அவளுக்குச் சொல்லியிருப்பார். அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பென்சிலில் வரையட்டும். வண்ணம் வேண்டாம், அழகும் வேண்டாம். பதினைந்தாம் பக்கத்தில் அவளுக்கு வெறுத்துவிடும், அப்போது நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். முடித்ததும் பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எங்கே பக்கத்தைத் தாண்டிப் புரட்டுகிறது என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கங்களைத் திருத்தி வரைகிறாளா, "அதுக்குப் புரியல" என்று பிள்ளைமேல் பழி போடுகிறாளா என்று பாருங்கள். எனக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

பாதியில் நின்றாலும் பாதியை எடுத்துக்கொண்டு வரட்டும், திட்டமாட்டேன். அடுத்த மாதம் முதல் புதன், மாலை ஐந்துக்கு மேல் நான் அலுவலகத்தில் இருப்பேன். வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தில் வந்தால் அந்த நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள், ஃபெரியில் வந்துவிடுங்கள்.