250 வரும்வரை மெயில் போகவில்லை

ஐயா, வணக்கம்.

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். தினமும் ரயிலில் ஆம்பூர் போய் ஒரு ஷூ கம்பெனியில் ஆர்டர் கணக்குப் பார்க்கிறேன். ஆர்டர் பதிவானதும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தானாக மெயில் போகும்படி பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். வீடியோ பார்த்துக் கற்றதுதான். சில நாள் ஒரே ஆர்டருக்கு இரண்டு மெயில் போகிறது. சில நாள் ஆர்டர் பதிவாகியிருக்கும், மெயில் போயிருக்காது. நண்பரிடம் கேட்டால், எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் முறையை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணத்தையும், ஆர்டர்களைப் பதிந்து வைக்கும் டேட்டாபேஸின் மேனுவலையும் படி என்கிறார். நாலு பக்கம் தாண்ட முடியவில்லை. என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் படிக்க முடியுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். உங்கள் நண்பர் காட்டிய வழி சரியானதுதான். எங்கிருந்து தொடங்குவது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்த மாதிரிப் புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து படித்தால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே மூச்சு முட்டும். ஒரு கேள்வியோடு உள்ளே போக வேண்டும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: மெயில் ஏன் இரண்டு முறை போகிறது?

எஸ்எம்டிபியை 1982இல் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். நீங்கள் அதன் திருத்திய வடிவமாக 2008இல் வந்த 5321ஐ எடுத்துக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. அதில் முதலில் புரட்ட வேண்டியது கடைசிப் பக்கங்களில் இருக்கும் பின்னிணைப்பு டி. இரண்டு கணினிகள் மெயில் கொடுத்து வாங்கும்போது பேசுவது அங்கே வரிக்கு வரி இருக்கிறது. மெயிலை வாங்கும் கணினியான சர்வர் 220 என்று வரவேற்கிறது. அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்று சொன்னால் ஒவ்வொன்றுக்கும் 250, அதாவது சரி, என்று வருகிறது. டேட்டா என்றால் 354, அதாவது சரி, அனுப்பு. கடிதம் முழுவதையும் அனுப்பி, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது. அதற்கும் ஒரு 250 வர வேண்டும்.

இதைக் கண்ணால் படித்தால் மட்டும் போதாது, கையால் தட்டிப் பார்க்க வேண்டும். இன்னொரு கணினியோடு தட்டச்சு செய்து பேச உதவும் டெல்நெட், விண்டோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதை இயக்குங்கள். வீட்டு இணைப்புகளில், மெயில் போகும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். அதனால் பைத்தானில் கிடைக்கும் சோதனை மெயில் சர்வர் ஒன்றை உங்கள் கணினியிலேயே 8025ஆம் போர்ட்டில் ஓட்டி, அதோடு பேசுங்கள். புத்தகத்தில் இருக்கும் அதே எண் உங்கள் திரையிலும் வந்துவிட்டால் ஆங்கிலத்தைப் பற்றிய பயம் பாதி போய்விடும். ஆர்எஃப்சியின் ஆங்கிலத்தில் அலங்காரம் கிடையாது. ஒரே மாதிரி வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இனி உங்கள் சிக்கல். புள்ளி வைத்ததற்கும் 250 வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, கோளாறு அங்கேதான். பகுதி 6.1ஐ நிதானமாகப் படியுங்கள். 250 என்று சொன்ன கணத்திலிருந்து அந்தக் கடிதத்துக்குச் சர்வர் பொறுப்பு, பிறகு கணினி படுத்துவிட்டது என்பது போன்ற அற்பக் காரணங்களால் அதைத் தொலைக்கக் கூடாது என்று இருக்கும். அதுவரை பொறுப்பு உங்கள் புரோகிராமுடையது. சர்வர் கடிதத்தை வாங்கிவிட்டது, ஆனால் 250 உங்களிடம் வந்து சேருவதற்குள் உங்கள் புரோகிராம் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று வையுங்கள். போகவில்லை என நினைத்து அது மறுபடி அனுப்பும். வாடிக்கையாளருக்கு இரண்டு மெயில். 1988இலேயே கிரெய்க் பார்ட்ரிஜ் இதைப் பற்றி ஆர்எஃப்சி 1047 என்று தனியாக எழுதியிருக்கிறார், சில பக்கங்கள்தான். அந்த இடத்தில் 10 நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறது 5321. உங்கள் புரோகிராமில் டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், எவ்வளவு? வீடியோவில் பார்த்தபடி சில விநாடிகள்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள்.

மெயில் போகாமலே இருப்பது டேட்டாபேஸ் பக்கத்துச் சிக்கல். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் ஒரே ஃபைலை இரண்டு ஜன்னல்களில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிகின் (தொடங்கு) கொடுத்து ஒரு ஆர்டரைச் சேருங்கள். மற்றதில் தேடினால் அது இருக்காது. முதல் ஜன்னலில் கமிட் (உறுதிசெய்) கொடுத்தபிறகுதான் தெரியும். கமிட் கொடுக்காமல் ஜன்னலை மூடினால் அந்த வரியே இல்லை. இதைச் செய்து பார்த்துவிட்டு மேனுவலில் டிரான்சாக்ஷன் (பிகினிலிருந்து கமிட் வரை ஒரே தொகுப்பாக நடப்பது) பகுதியைப் படியுங்கள், தானாகப் புரியும். கரண்ட் போனாலும் தரவு எப்படிப் பிழைக்கிறது என்று எஸ்க்யூலைட் தளத்தில் படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள். அதைவிடத் தெளிவான தொழில்நுட்ப எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆக, கமிட்டும் 250உம் சொல்வது ஒன்றைத்தான்: இனி இது என் பொறுப்பு. உங்கள் புரோகிராம் கமிட் ஆனபின் மெயில் அனுப்பப் போகிறது. நடுவில் நின்றுவிட்டால் அந்த மெயிலை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எனவே, அனுப்ப வேண்டிய மெயிலுக்கு ஒரு தனி டேபிள் வையுங்கள். ஆர்டரையும் அந்த மெயிலையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள். இன்னொரு சிறிய புரோகிராம் அந்த டேபிளைப் பார்த்து அனுப்பட்டும், 250 வந்தபிறகு மட்டும் 'போனது' என்று குறிக்கட்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 250 வந்து, குறிப்பதற்குள் கரண்ட் போனால் மெயில் மறுபடி போகும். இதை முழுதாக அடைக்க முடியாது. போகாமலே இருப்பதைவிட இரண்டு முறை போவது மேல். ஆனால் வாடிக்கையாளர் அதை இரண்டு ஆர்டர் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளமான மெசேஜ் ஐடியையும் டேபிளிலேயே வைத்து, திரும்ப அனுப்பும்போது அதையே போடுங்கள். சப்ஜெக்டில் ஆர்டர் எண் இருக்கட்டும்.

பின்னிணைப்பு டியையும் 6.1ஐயும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் ஆம்பூர் போகும் ரயிலிலேயே படித்துவிடலாம். இரண்டு முறை மெயில் போன நாளில் புரோகிராம் எழுதிவைத்த பதிவு (லாக்) இருந்தால் எனக்கு அனுப்புங்கள், வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட்டு. புள்ளிக்குப் பிறகு என்ன நடந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.